மழையே இல்ல, பாலம் மட்டும் ஈரம். காலைல ரோடு எப்படி இருக்கும்னு ராத்திரியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

மஞ்சக்குப்பம்_பைக்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆறு மணிக்கு, அதனால நாலே முக்காலுக்கெல்லாம் பைக்க எடுத்துடுவேன்.

போன வாரம் நடந்தது இது. அஞ்சாறு நாளா சொட்டு மழை கெடையாது. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஆப்ல பாத்தேன், மழை 0 சதவீதம், காலைல 22 டிகிரி, வானம் தெளிவு. சரின்னு கெளம்பினேன். ஆல்பேட்டை வரைக்கும் ரோடு காஞ்சு கெடக்கு, தென்பெண்ணை பாலம் ஏறி பாதி தூரம் போயிட்டேன், முன்னாடி போன மினி வேன் ஏனோ ஸ்லோ பண்ணான், நானும் லேசா பிரேக்க தொட்டேன், லேசாத்தான், அந்த எடத்துல ஸ்லாப்பும் ஸ்லாப்பும் சேர்ற இரும்பு ஜாயின்ட் இருக்கும்ல, அது மேல பின்சக்கரம் ஏறின அதே நேரம். வண்டி அப்படியே பக்கவாட்டுல போயிடுச்சு. முட்டி, உள்ளங்கை ரெண்டுலயும் சிராய்ப்பு, ஹெல்மெட் போட்டதால அதோட போச்சு. பின்னாடி பஸ் எதுவும் வரல, அது எங்க அம்மா வேண்டிக்கிட்ட புண்ணியம்.

எழுந்து ரோட்ட கையால தொட்டுப் பாக்கறேன், ஈரம்! கைப்பிடிச் சுவரும் ஈரம். வண்டிய தள்ளிக்கிட்டு பாலம் முடியற எடத்துக்கு வந்து தொட்டா அங்க தூசி ஒட்டுது, காஞ்ச ரோடு. எப்படிங்க பாலத்துக்கு மட்டும் தனியா மழை பெய்யும்?

ஃபாரின்ல எல்லாம் நாளைக்கு மழை வருமான்னு சொல்றது இல்லாம, நாளைக்கு காலைல எந்த ரோடு வழுக்கும்னே தனியா சொல்றாங்கன்னு ஷிஃப்ட்ல ஒருத்தர் சொன்னாரு. உண்மையா? நம்ம ஊருக்கு அந்த மாதிரி ஏதாவது இருக்கா?

நக்கல்_நாகராசா

மொதல்ல ரோடு இருக்கான்னு ஃபோர்காஸ்ட் பண்ண சொல்லு ப்ரோ, வழுக்குமா வழுக்காதான்னு அப்புறம் பாத்துக்கலாம் 😂 எங்க தெருவுல குழாய் போட தோண்டினது தீபாவளிக்கு, பொங்கலே வரப்போவுது.

முதுநகர்_வேன்காரன்

தம்பி கை எப்படி இருக்கு, டிடி ஊசி போட்டியா? அத மொதல்ல பாரு.

ஈரம் மழையும் இல்ல பனியும் இல்ல. மீன் தண்ணி. 18 வருசமா துறைமுகத்துலேந்து மீன் ஏத்தறேன், எனக்குத் தெரியாதா. மூணு மணிக்கு மேல ஐஸ் போட்ட பாக்ஸ் ஏத்திக்கிட்டு வண்டிங்க வரிசையா பாண்டி பக்கம் கெளம்பும், ஐஸ் உருகி அடியில ஓட்டை வழியா ஒழுகிக்கிட்டே வரும். வெறும் தண்ணின்னா பரவால்ல, அதுல செதிலு, ரத்தம், கொழகொழன்னு ஒரு வழவழப்பு இருக்கும், சோப்புத் தண்ணி கெட்டுது போ. பாலத்துல ஏத்தத்துல வண்டி சாயும்போது தேங்கி இருக்கறது மொத்தமா கொட்டும். எந்த ஆப்பும் இத சொல்லாது.

பாதிரிக்குப்பம்_டு_மான்ட்ரியல்

வேன்காரண்ணே சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா கைப்பிடிச் சுவரும் ஈரம்னு தம்பி எழுதியிருக்காரு பாருங்க, மீன் தண்ணி சுவர் ஏறாதே. அதனால இது பனின்னுதான் எனக்குத் தோணுது.

நமக்கு எல்லாமே பனிதான். புல்லு நுனியில நிக்கறதும் பனி, பண்ருட்டி ரோட்டுல லாரி லைட்ட மறைக்கறதும் பனி, இங்க நான் இப்ப ஜன்னல் வழியா பாக்கற முழங்கால் உயரத்துக்கு கெடக்கறதும் பனி. ஒரே வார்த்தைய வெச்சு ஓட்டிடறதால கொழப்பம் வருது.

ஆப் சொன்ன 22 டிகிரி ரோட்டோடது கெடையாது, காத்தோடது. தரைலேந்து கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரத்துல, வெயில் படாத பெட்டிக்குள்ள வெச்சு அளக்கறது. ரோட்டோட சூடு தனிக் கணக்கு. வானம் தெளிவா, காத்து இல்லாம இருந்தா, ராத்திரி முழுக்க ரோடு தன்னோட சூட்ட மேல விட்டுக்கிட்டே இருக்கும், மேகம் இருந்தா அது போர்வை மாதிரி பாதிய திருப்பி அனுப்பும். மண்ணு மேல கெடக்கற ரோட்டுக்கு ஒரு சொத்து இருக்கு, பகல் பூரா வெயில வாங்கி சேத்து வெச்ச மண்ணு கீழேந்து ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருக்கும். பாலத்துக்கு அந்த சொத்து இல்ல. கீழயும் காத்து, மேலயும் காத்து, ரெண்டு பக்கமும் ஆறும். தட்டுல ஊத்தின டீயும் டம்ளர் டீயும் ஒரே நேரத்துலயா ஆறுது? அப்புறம் கீழ ஆறு வேற, காத்துல ஈரம் ஏற்கனவே நெறைய. பாலத்தோட மேல்பரப்பு ஒரு அளவுக்குக் கீழ ஆறிடுச்சின்னா, ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்த பாட்டில் வேர்க்குது பாருங்க, அந்த மாதிரி பாலம் வேர்க்க ஆரம்பிச்சுடும். அந்த அளவுக்குப் பேரு டியூ பாயின்ட். இரும்பு ஜாயின்ட் இன்னும் சீக்கிரம் வேர்க்கும், அதுல பிடிப்பும் கெடையாது.

இங்க இதே கதைதான், சைபருக்குக் கீழ நடக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்ப அது தண்ணியா நிக்காது, பூஞ்சை மாதிரி வெள்ளையா ஒட்டும், இல்ல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஐஸ் ஆயிடும். அத இங்க கருப்பு ஐஸ்னு சொல்வாங்க, ஐஸ் கருப்பு இல்ல, அடியில இருக்கற தார் அப்படியே தெரியும், ரோடு சும்மா ஈரமா இருக்குன்னு நெனைச்சு ஓட்டுவோம். நான் வந்த மொத வருசம், போன்ல பிளஸ் 2 டிகிரி, சைபருக்கு மேலதானே எதுக்கு பயம்னு ஒரு மேம்பாலம் ஏறினேன். ஸ்டியரிங்க திருப்பறேன், வண்டி நேரா போகுது. சத்தம்கூட இல்ல, அதுதான் பயமே, டயர் சத்தம் சட்டுனு நின்னு போச்சு. தடுப்புச் சுவர்ல உரசி நின்னுது. பக்கத்து ரோடு நல்லா இருந்துச்சு, பாலம் மட்டும் மைனஸ்.

அதுக்கப்புறம் படிக்கும்போதே ரெண்டு குளிர்காலம் ரோட்டுக்கு உப்பு போடற ஒரு கான்ட்ராக்டர் கிட்ட நைட் வேலை பாத்தேன், அதனாலதான் இவ்வளவு பேசறேன். ஃபோர்காஸ்ட் எப்படி போடறாங்கன்னா, ரோட்டுக்குள்ளயே சென்சார் பதிச்சிருப்பாங்க, மேல்பரப்பு சூடு ஒண்ணு, உள்ள அரை மீட்டர் ஆழத்துக்கு கிட்ட ஒண்ணு, பக்கத்து கம்பத்துல காத்து, ஈரப்பதம், மழை. அது கொடுக்கற கணக்கையும் வானிலை ஃபோர்காஸ்ட்டையும் சேத்து ஒரு புரோகிராமுக்குள்ள போடுவாங்க. கனடா வானிலைத்துறை எழுதின ஒண்ணுக்கு பேரு மெட்ரோ, ரயில் இல்லீங்க, புரோகிராம் பேரே அதுதான். யார் வேணாலும் இலவசமா எடுத்துக்கலாம். வெயில் எவ்வளவு வருது, வானத்துக்கு எவ்வளவு போகுது, காத்து எவ்வளவு எடுக்குது, மண்ணு எவ்வளவு கொடுக்குதுன்னு வரவு செலவு பாத்து, ரோடு நாளைக்கு இத்தனை மணிக்கு இத்தனை டிகிரின்னு சொல்லும். அதுல மொதல்லயே கேப்பாங்க, இது ரோடா பாலமான்னு. ரெண்டுக்கும் கணக்கே வேற.

இதுல வேடிக்கை என்னன்னா, மைனஸ் 20ல யாரும் அவ்வளவு பயப்பட மாட்டாங்க. பிளஸ் 1க்கும் மைனஸ் 1க்கும் நடுவுல இருக்கற ராத்திரிதான் தலைவலி. மேகம் வரும்னு போட்டு வரலைன்னா ரோடு சில டிகிரி தப்பிடும், தப்பினா ஈரம் ஐஸ் ஆயிடும்.

சிட்டிக்குள்ள இன்னும் சிக்கல். உயரமான கட்டடம் ராத்திரி ரோட்டுக்கு கதகதப்பு கொடுக்கும், பகல்ல அதே கட்டடத்து நிழல்ல மத்தியானம் வரைக்கும் ஐஸ் உருகாது. சிக்னல்ல வண்டிங்க நின்னு நின்னு சக்கரம் சுத்தி சுத்தி, கடப்பாக்கல்லுல பாலிஷ் போட்ட மாதிரி ஆக்கி வெச்சிருக்கும். அதனால சில ஊர்ல ராத்திரில ஒரு கார்ல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கட்டிக்கிட்டு தெருத்தெருவா ஓட்டி, எந்த எடம் எந்த எடத்தைவிட எவ்வளவு குளிருதுன்னு மேப் போட்டு வெச்சுக்குவாங்க. எங்க சூப்பர்வைசர் மேப்பே பாக்க மாட்டாரு, அவருக்கு எல்லா வளைவும் மனப்பாடம், அது வேற கதை.

மஞ்சக்குப்பம்_பைக்

அண்ணே சூப்பர். உப்பு போட்டா ஏன் வழுக்கல? நம்ம வீட்ல ஐஸ்கிரீம் செய்யும்போது ஐஸ்ல உப்பு போட்டா இன்னும்தானே குளிரும்?

பாதிரிக்குப்பம்_டு_மான்ட்ரியல்

நல்ல கேள்வி. உப்பு சேந்த தண்ணி உறையறதுக்கு இன்னும் குளிர் வேணும், அதனால சைபர்ல ஐஸ் ஆகாது. கணக்குல மைனஸ் 21 வரைக்கும் தாங்கும், ஆனா ரோட்டுல அப்படி நடக்காது, மைனஸ் 10 கிட்ட போனாலே உப்பு சோம்பேறி ஆயிடும், அப்புறம் மணலோ சின்ன ஜல்லியோதான் தூவணும். ஐஸ் பிடிச்ச பிறகு கொட்டறதைவிட, பிடிக்கறதுக்கு முன்னாடியே உப்புத் தண்ணி தெளிச்சா கொஞ்சம் உப்புலயே வேலை முடியும். அதுக்குத்தான் ராத்திரி ஃபோர்காஸ்ட்டே, எத்தனை மணிக்கு எந்தப் பாலத்துக்கு லாரி அனுப்பணும்னு முடிவு பண்ண. டயரும் முக்கியம், கியூபெக்ல டிசம்பர் 1லேந்து மார்ச் 15 வரைக்கும் குளிர்கால டயர் இல்லாம கார் ஓட்டினா ஃபைன்.

ஜல்லி_தார்_35வருசம்

ரோட்டு வேலை சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன், ரெண்டு வார்த்தை சொல்றேன்.

கனடா தம்பி சொன்ன பாலம் விஷயம் சரி. ஆனா நம்ம ஊர்ல பனி மட்டும் இருந்தா டயர் இவ்வளவு வழுக்காது. தார் ரோட்டுல ஜல்லி முனை சொரசொரன்னு இருக்கணும், பழைய ரோட்டுல வண்டி ஓடி ஓடி முனை மழுங்கிடும். அதோட மழை இல்லாத நாள்ல டயர் ரப்பர், ஆயில், தூசி எல்லாம் சேந்து ஒரு படலமா படிஞ்சிருக்கும், அது மேல கொஞ்சூண்டு ஈரம் பட்டா போதும், பசை ஆயிடும். நல்லா அடிச்சு பெய்ற மழை ரோட்ட கழுவிடும், தூறல்தான் ஆபத்து, பனி அதைவிட. அதனாலதான் கோடை முடிஞ்சு வர்ற மொத மழையில அஞ்சு நிமிஷத்துல பத்து பேர் விழுவான்.

வெள்ளைக் கோடு மேலயும் பிரேக் போடாதீங்க, அது பெயின்ட், ஈரத்துல கோலத்து மேல எண்ணெய் ஊத்தின மாதிரி. கேப்பர் மலைப் பக்கம் செம்மண் லாரி வர்ற ரோட்டுல டயர்ல ஒட்டின மண்ணு உதிர்ந்து கெடக்கும், காலைல பனியில அது களி. தை பொறந்துட்டா உளுந்துச் செடிய ரோட்டுல பரப்பி விட்டுடுவாங்க, வண்டி ஏறி ஏறி மணி உதிரணும்னு. கேட்டா எங்களுக்கு களம் எங்கன்னு கேக்கறாங்க, அதுவும் நியாயம்தான். ஆனா உருண்டை உளுந்து மேல பைக் டயர், நெனைச்சுப் பாருங்க.

இதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டர் கணக்குல சேக்கறது?

ரெயின்போநகர்_மாடிவீடு

எல்லாரும் பனிய பத்தி பேசறீங்க, எங்களுக்கு வேண்டிய ஃபோர்காஸ்ட் வேற. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்தப்ப பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. புயல் வரும்னு நல்லாவே சொன்னாங்க, குறை சொல்லல. ஆனா எங்க தெருவுல எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் நிக்கும்னு யாருக்கும் தெரியல. விடியக்காலைல கட்டில் காலு முழுகினப்புறம்தான் நாங்க முழிச்சோம். கார் எடுக்கணும்னு யோசிச்சப்ப கார் கண்ணாடி வரைக்கும் தண்ணி. அப்புறம் கடலூர் பக்கம் பாருங்க, பெருமழை நின்ன பிறகு, சாத்தனூர் அணைலேந்து திறந்த தண்ணி தென்பெண்ணைல வந்துதான் முழுகுச்சு. மழை பெஞ்சது திருவண்ணாமலை பக்கம், ரோடு போனது நம்ம பக்கம்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்த மெட்ரோ புரோகிராம நம்ம ஊருக்கு ஓட்டிப் பாத்தா என்ன?

பாதிரிக்குப்பம்_டு_மான்ட்ரியல்

ஓட்டலாம், ரோடு எத்தனை டிகிரின்னு சொல்லும், மே மாசம் தார் எவ்வளவு கொதிக்கும்னுகூட சொல்லும். ஆனா உங்க தெருவுல தண்ணி நிக்கறத சொல்லாது, அது அதோட வேலையே இல்ல. அதுக்கு வேண்டியது தெருவோட மேடு பள்ளம் சரியா அளந்த மேப், ஒரு மணி நேரத்துல எவ்வளவு மழைங்கற கணக்கு, வாய்க்கால்ல இப்ப எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு ஒரு அளவுகோல், கடைசியா கடல். உப்பனாறு வாய்க்காலும் பெரிய வாய்க்காலும் கடல்லதான் விழணும். அமாவாசை பௌர்ணமில கடல் ஏறி நிக்கும்போது புயல் காத்து வேற தள்ளினா, வாய்க்கால் வாய அடைச்ச மாதிரி. அப்ப அதே மழைக்கு டபுள் நேரம் தண்ணி நிக்கும். இங்க சூப்பர்வைசர் எப்படி வளைவு மனப்பாடமா வெச்சிருந்தாரோ, அந்த மாதிரி உங்க தெருவுல எந்த வீட்டு வாசப்படி மொதல்ல முழுகும்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அத எழுதி வெச்சாலே பாதி மேப் ரெடி.

ரெயின்போநகர்_மாடிவீடு

மூணாவது வீடு. எப்பவும் அதான் மொதல்ல. அந்த வீட்டு ஆயா முற்றத்துல தண்ணி வந்தவுடனே சத்தம் போடுவாங்க, அதுதான் எங்க சைரன்.

மஞ்சக்குப்பம்_பைக்

12 நாள் கழிச்சு அப்டேட் போடறேன். முட்டி ஆறிடுச்சு, கேட்டவங்களுக்கு நன்றி.

கனடா அண்ணன் சொன்னதையும் வேன்கார அண்ணன் சொன்னதையும் நானே செக் பண்ணலாம்னு தினமும் பத்து நிமிஷம் முன்னாடி கெளம்பி, பாலத்துக்கு முன்னாடி ஓரமா நிறுத்தி ரோட்ட ஒருவாட்டி, பாலத்த ஒருவாட்டி, ஜாயின்ட்ட ஒருவாட்டி கையால தொட்டேன். வாக்கிங் போறவங்க ஒரு மாதிரி பாத்தாங்க. ஒருத்தர் வந்து தம்பி ஏதாவது தொலைச்சுட்டியான்னே கேட்டாரு, மோதிரம்னு சொல்லிட்டேன், அவரும் சேந்து தேட ஆரம்பிச்சுட்டாரு.

வானம் தெளிவா நட்சத்திரம் நல்லா தெரிஞ்சு, காத்தும் இல்லாத ராத்திரி அஞ்சு வந்துச்சு. அதுல நாலு நாள் காலைல ஜாயின்ட்டு இரும்பும் கைப்பிடிச் சுவரும் ஈரம், பாலத்து ரோடு ரெண்டு நாள் ஈரம், மண்ணு மேல இருக்கற ரோடு ஒரு நாள்கூட ஈரம் இல்ல. மேகமா இருந்த நாளும், காத்து அடிச்ச நாளும் எதுவுமே ஈரம் இல்ல.

இதுல எங்க அம்மாதான் பெரிய ஆளு. ஏன்டா தினமும் பாலத்துக்குப் போயி தடவற, வாசல்ல நிக்குதே உன் வண்டி, சீட்ட தொட்டுப் பாருன்னாங்க. மார்கழியில நாலு மணிக்கு கோலம் போட வெளிய வர்றவங்க, பனி பெஞ்ச அன்னிக்கு கோலமாவு விரல்ல ஒட்டும், வண்டி சீட்டு நனைஞ்சிருக்கும்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும். பாத்தா உண்மைதான், சீட்டும் பாலம் மாதிரிதானே, மேலயும் கீழயும் காத்து, அடியில மண்ணு இல்ல. சீட்டு ஈரமா இருந்த எல்லா நாளும் ஜாயின்ட்டும் ஈரம். சீட்டு காஞ்ச அன்னிக்கு ஜாயின்ட்டும் காஞ்சிருந்துச்சு.

ஒரே ஒரு நாள் தவிர. அன்னிக்கு நல்ல மேகம், சீட்டு காஞ்சிருக்கு, கைப்பிடிச் சுவர் காஞ்சிருக்கு, ஆனா எடது பக்க லேன்ல மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு நீளமா ஈரக்கோடு, ஜாயின்ட் கிட்ட வந்து குட்டையா நிக்குது. தொட்டுட்டு மோந்து பாத்தேன். மத்தி. ஷிஃப்ட் முடியற வரைக்கும் கையில வாசனை போகல, சோப்பு போட்டும் போகல.

இப்ப சீட்டு ஈரமா இருந்தா பாலம் ஏறறதுக்கு முன்னாடியே ஸ்பீட 30க்கு கொறைச்சு, ஜாயின்ட்ல பிரேக்க தொடாம நேரா போயிடறேன். மீனுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல, வேன்காரண்ணே நீங்கதான் சொல்லணும்.

முதுநகர்_வேன்காரன்

தம்பி, அது என் வண்டி இல்லன்னு சத்தியம் பண்ண முடியாது. மத்தி நான்தான் ஏத்தறேன், நேரமும் அதே நேரம். மனசு கேக்கல. நேத்து வண்டி அடியில ஓட்டைக்கு ஒரு ஓஸ் மாட்டி 20 லிட்டர் கேன் கட்டிட்டேன், பாண்டி போறதுக்குள்ள முக்கா கேன் ரொம்பிடுச்சு. இவ்வளவு தண்ணிய இத்தனை வருசமா ரோட்டுல விட்டிருக்கேன் பாரு. கூட ஓடற நாலு வண்டிக்காரனுங்க கிட்டயும் சொன்னேன், ஒருத்தன் கட்டறேன்னான், மூணு பேர் சிரிச்சானுங்க.